இசட்டை அனுப்பினால் இணையாது: கேயாஸ் ஒத்திசைவும் ஃபஸ்ஸி கட்டுப்பாடும் (வாசகர் கேள்வி பதில்)

கன்னியாகுமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து ஒரே தலைப்பில் வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துப் போட்டிருக்கிறோம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் காலம் என்பது கேள்விகளைப் படித்தாலே தெரிகிறது. கேயாஸ் என்றால் விதிப்படியே ஓடினாலும் நெடுநாளுக்கு முன்கணிக்க முடியாத அசைவு; ஃபஸ்ஸி என்றால் 'கொஞ்சம்', 'நிறைய' போன்ற சொற்களைக் கணக்காக்கும் கட்டுப்பாட்டு முறை. பாடப்புத்தகங்கள் மாஸ்டர், ஸ்லேவ் என்று சொல்வதை இங்கே முன்னோடி (சிக்னலை அனுப்புவது), பின்னோடி (அதைக் கேட்டு ஒத்துப்போக வேண்டியது) என்று எழுதுகிறோம்.

கேள்வி (பள்ளி இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்): லோரன்ஸ் சமன்பாட்டில் தொடக்கத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலே இரண்டு பாதைகளும் எங்கெங்கோ போய்விடும் என்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டை ஒத்திசைய வைப்பது எப்படி? நடுவில் ஃபஸ்ஸிக்கு என்ன வேலை?

பதில்: லோரன்ஸ் 1963-இல் வெளியிட்ட மூன்று சமன்பாடுகளை முதலில் எழுதிக்கொள்வோம். இந்தப் பக்கம் முழுக்க அவைதான் திரும்பத் திரும்ப வரும்.

எக்ஸ் மாறும் வேகம் = 10 × (ஒய் − எக்ஸ்)
ஒய் மாறும் வேகம் = 28 × எக்ஸ் − ஒய் − எக்ஸ் × இசட்
இசட் மாறும் வேகம் = எக்ஸ் × ஒய் − (8/3) × இசட்

இந்த எண்களை வைத்தால், சின்ன வித்தியாசம் சராசரியாக 0.77 கால அலகுக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் மடங்கு. அதற்கு 8 அலகு கூட ஆகாது. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் இரண்டையும் தனித்தனியே ஓடவிட்டால்தான். முன்னோடியின் ஒரு சிக்னலைப் பின்னோடிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கதை மாறுகிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் பெகோராவும் கரோலும் 1990-இல் காட்டியது இதைத்தான். முன்னோடியின் எக்ஸ்-ஐ அப்படியே பின்னோடியின் இரண்டாம், மூன்றாம் சமன்பாடுகளில் போட்டுவிட்டால், மிச்சமிருக்கும் ஒய், இசட் பிழைகள் வளராமல் தேய்கின்றன. தேயும் வேகம் அலகுக்குச் சுமார் 1.8. அதாவது 10 என்ற பிழை 0.001-க்கு இறங்க 5 அலகுதான் ஆகும்.

நம் ஊர்க் கோயில் கொடையில் இரண்டு செண்டைக் குழுக்கள் சேர்ந்து அடிக்கும்போது தாளம் இருவருக்கும் முன்பே தெரியும். பிசகினாலும் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். லோரன்ஸ் பாதையில் முன்பே தெரிந்துவைக்க எந்தச் சுற்றும் இல்லை, ஒரு சுற்று மறுபடி வருவதும் இல்லை. பின்னோடிக்குக் காதில் விழுவது மட்டுமே வழி. அதனால் எந்தச் சிக்னலைக் கேட்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஃபஸ்ஸியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஃபஸ்ஸி இரண்டு வகையில் வரும். ஒன்று மம்தானி வகை. பேச்சிப்பாறையில் 'நீர்மட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது, வரத்தும் கூடுகிறது, ஷட்டரை நல்லாத் திற' என்று ஒருவர் சொன்னால், அந்தக் 'கொஞ்சம்', 'நல்லா' என்ற சொற்களுக்கு எண் வரம்பு கொடுத்து விதியாக எழுதுவது. 1965-இல் ஸாதே போட்ட கணித அடித்தளத்தின்மேல், 1970-களின் நடுவில் லண்டனில் மம்தானி ஒரு சிறிய நீராவி எஞ்சினைக் கட்டுப்படுத்தியது இப்படித்தான். இன்னொன்று டகாகி–சுகேனோ வகை, 1985. இதில் விதியின் முடிவில் சொல் இருக்காது, ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு இருக்கும். கேயாஸ் ஒத்திசைவுக்குக் கணித உத்தரவாதம் வேண்டுமென்றால் இரண்டாவதுதான் கைகொடுக்கும். மம்தானி அளவீட்டுக் குறைகளைச் சமாளிக்க நல்லது.

கேள்வி (பொறியியல் மாணவி, தக்கலை): லோரன்ஸ் சர்க்யூட்டில் எக்ஸ், ஒய் இரண்டும் மைனஸுக்கும் போகின்றன. ஆர்டுயினோ (கட்டுப்பாட்டை ஓட்டும் சிறு கணினிப் போர்டு) மைனஸ் வோல்ட்டேஜை வாங்காது. இசட் எப்போதும் பிளஸ்; பத்தால் வகுத்தால் 0 முதல் 4.8 வோல்ட்டுக்குள் நிற்கிறது. அதனால் இசட்டை அனுப்பி, இசட் பிழைக்கு 49 விதிகள் எழுதினேன். ஸ்கோப்பில் இரண்டும் ஒரே உருவம்தான். ஆனால் பின்னோடி சில நாள் சின்னதாக, சில நாள் தலைகீழாக வருகிறது. விதிகளில் எங்கே தப்பு?

பதில்: விதிகளில் தப்பு இல்லை. 49-ஐ 490 ஆக்கினாலும் இதேதான் வரும்.

முதல் இரண்டு சமன்பாடுகளைப் பாருங்கள். இசட் வெளியிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், மீதியுள்ள ஒவ்வொரு பதத்திலும் எக்ஸோ ஒய்யோ ஒரே ஒருமுறைதான் இருக்கிறது. ஆகவே ஒரு ஜோடி அந்தச் சமன்பாடுகளுக்குப் பொருந்தினால் அதில் பாதியும் பொருந்தும், இரண்டு மடங்கும் பொருந்தும், மைனஸ் போட்டதும் பொருந்தும். எந்த மடங்கில் போய் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் சுவிட்சைப் போடும் கணத்தில் கெபாசிட்டர்களில் இருந்த வோல்ட்டேஜ். 'சில நாள் சின்னது, சில நாள் தலைகீழ்' என்பதற்கு விளக்கம் இவ்வளவுதான். மைனியரி, ரேஹாசெக் இருவரும் 1999-இல் இதற்கு ப்ரொஜெக்டிவ் ஒத்திசைவு என்று பெயரே வைத்தார்கள். ரிப்போர்ட்டில் தோல்வி என்று எழுத வேண்டாம். உங்கள் ஸ்கோப் படம் அந்தப் பெயருக்கு நல்ல உதாரணம்.

இசட் பிழையை வைத்து இதைத் திருத்தவும் முடியாது. பின்னோடியின் எக்ஸும் ஒய்யும் முன்னோடியுடையவற்றின் கண்ணாடிப் பிம்பமாக, அதாவது இரண்டும் மைனஸாக இருந்தாலும் அவற்றின் பெருக்கல் அதேதான். எனவே இசட்டும் அதேதான். பிழை 0 என்று வருகிறது, கட்டுப்படுத்தி திருப்தியாக உட்கார்ந்துவிடுகிறது. எக்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற தகவல் இசட்டுக்குள் இல்லை. இல்லாததை எந்த விதி எடுத்துத் தரும்?

ஒய்-ஐ அனுப்பினால் நிரூபணம் இரண்டு வரி. முதல் சமன்பாட்டில் ஒய் தெரிந்தது என்றால் எக்ஸ் பிழை 10 என்ற வேகத்தில் தேயும். எக்ஸ் சரியானதும் மூன்றாவதில் இசட் பிழை 8/3 வேகத்தில் தேயும். எக்ஸ்-ஐ அனுப்பினாலும் சரிவரும் என்று மேலே சொன்னோம். எதை வேண்டுமானாலும் எடுங்கள், இசட் மட்டும் வேண்டாம்.

இனி மைனஸ் வோல்ட்டேஜ். ஆப்-ஆம்ப் வெளியீட்டிலிருந்து ஒரு 10 கிலோ ஓம், ஆர்டுயினோவின் 5 வோல்ட்டிலிருந்து ஒரு 10 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தை அனலாக் பின்னில் கொடுங்கள். பின் காண்பது சிக்னலும் 5 வோல்ட்டும் சேர்ந்த கூட்டுத்தொகையில் பாதி. மைனஸ் 2 வோல்ட் 1.5 ஆகும், பிளஸ் 2 வோல்ட் 3.5 ஆகும், சுழி 2.5-இல் நிற்கும். யூஎஸ்பி 4.8 வோல்ட்டுக்கு இறங்கினாலும் சுழி நகராது, ஏனென்றால் ஏடிசி-யின் (வோல்ட்டேஜை எண்ணாக்கும் பகுதியின்) அளவுகோலும் அதே 4.8 வோல்ட்தான். பாதியாக வகுத்ததால் நுணுக்கம் ஒரு பிட் குறையும், அவ்வளவே. பவர் போடும் கணத்தில் ஆப்-ஆம்ப் மைனஸ் 13 வோல்ட்டில் ஒட்டிக்கொள்ளலாம். பின்னைக் காக்க 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஆளுக்கொரு ஷாட்கி டயோடு போட்டுவிடுங்கள்.

கணினியில் சரிபார்க்கும்போது இன்னொன்று. முன்னோடியைத் தனியாகவும் பின்னோடியைத் தனியாகவும் தானியங்கிப் படி அளவில் ஓடவிட்டுப் பிறகு கழிக்காதீர்கள். இரண்டின் கால அச்சுகளும் வேறு வேறாக இருக்கும். வருவது ஒத்திசைவுப் பிழை அல்ல, படி அளவின் பிழை. ஆறு மாறிகளையும் ஒரே அமைப்பாக வைத்து, நான்காம் வரிசை ருங்கே–குட்டாவில் 0.001 படியில் ஓட்டுங்கள். முதல் 20 அலகுக்குக் கட்டுப்பாடு இல்லாமல் விட்டுவிட்டு, பிறகு போடுங்கள். போட்ட இடம் வரைபடத்தில் கத்தியால் வெட்டியதுபோலத் தெரியும்.

கேள்வி (முதுநிலை மாணவர், மார்த்தாண்டம்): டகாகி–சுகேனோ முறையில் லோரன்ஸுக்கு இரண்டே விதி போதும் என்று படித்தேன். எப்படி இரண்டு போதும்? எல்எம்ஐ (பிழை தேயும் என்று உறுதிசெய்யும் அணிச் சமனின்மை) தீர்த்ததில் எக்ஸ் பிழைக்கு 280 என்று கெயின் (பெருக்கு எண்) வந்தது. கணினியில் அழகாக ஓடுகிறது. சர்க்யூட்டில் 1 கால அலகு 0.1 விநாடி; ஆர்டுயினோ 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை கட்டுப்படுத்துகிறது. அங்கே போட்டதும் நடுங்குகிறது.

பதில்: மூன்று சமன்பாடுகளிலும் நேர்கோடல்லாத பதங்கள் இரண்டே: எக்ஸ் × இசட், எக்ஸ் × ஒய். இரண்டிலும் எக்ஸ் பொது. எக்ஸ் ஒரு எண் என்று பிடித்துக்கொண்டால் மீதி முழுக்க நேர்கோடு. எக்ஸ் என்றும் −30-க்கும் +30-க்கும் நடுவில் இருக்கும் என்று வைத்தால், 'எக்ஸ் +30' என்பதற்கு ஒரு விதி, 'எக்ஸ் −30' என்பதற்கு ஒரு விதி. நடுவில் எங்கே இருந்தாலும் இரண்டையும் கலந்துகொள்வது. கலப்பு விகிதம்: முதல் விதிக்கு (30 + எக்ஸ்)/60, இரண்டாவதற்கு (30 − எக்ஸ்)/60. எக்ஸ் 12 என்றால் 0.7, 0.3. கலந்தால் 30 × 0.7 − 30 × 0.3 = 12; எக்ஸ் அப்படியே திரும்பி வந்துவிட்டது. தோராயம் எதுவும் இல்லை, அச்சு அசல் லோரன்ஸ். இந்த வகையின் பெருமையே இதுதான்.

வரம்பை இறுக்கிவைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 30-க்குப் பதில் 15 போட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். எக்ஸ் 18-ஐத் தொடும்போது விகிதம் 1.1, −0.1 என்று வரும். மென்பொருள் அதை 1, 0 என்று வெட்டிவிடும். மாதிரி 18-ஐ 15 என்று நினைக்கும். அந்தக் கணத்தில் இசட் 30 என்றால் இரண்டாம் சமன்பாட்டில் 3 × 30 = 90 என்ற தப்பான உந்துதல் நுழைகிறது. வரைபடத்தில் இது அவ்வப்போது குத்தும் ஊசியாகத் தெரியும். பலரும் அதை நாய்ஸ் என்று நினைத்து ஃபில்டர் போடுவார்கள். 30 வையுங்கள்.

கலப்பு விகிதத்துக்குப் பின்னோடியின் எக்ஸ்-ஐப் பயன்படுத்துகிறீர்களா, முன்னோடியுடையதையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னோடியின் எக்ஸ் என்றால் பிழைச் சமன்பாடும் அதே இரண்டு விதிக் கலப்பாக வரும், எல்எம்ஐ சொன்னது செல்லும். பின்னோடியின் சொந்த எக்ஸ் என்றால் பிழைச் சமன்பாட்டில் பின்னோடியின் இசட்டும் ஒய்யும் எக்ஸ் பிழையோடு பெருக்கலாக ஒட்டிக்கொள்கின்றன. அப்போதும் ஓடலாம்; ஆனால் நீங்கள் கணக்கிட்ட உத்தரவாதம் அதற்கானது அல்ல.

இனி 280. நீங்கள் முதல் சமன்பாட்டில் மட்டும் கட்டுப்பாட்டைக் கொடுத்திருக்கிறீர்கள். சாதாரண இருபடி லியாப்புனோவ் சார்பை (பிழைகளின் வர்க்கங்களை எடையிட்டுக் கூட்டிய தொகை; அது குறைந்துகொண்டே போனால் நிரூபணம்) எடுத்துக்கொண்டு, எடையை எப்படி மாற்றினாலும் 270-க்குக் கீழே நிரூபணம் வராது. காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஆகவே 280 எல்எம்ஐ-யின் தப்பு அல்ல. உங்கள் 1 மில்லி விநாடி என்பது 0.01 கால அலகு. அந்த இடைவெளியில் எக்ஸ் பிழை தானாக 0.905 மடங்காகத் தேய்கிறது. நிலையாகப் பிடித்துவைத்த கட்டுப்பாடு 0.0095 × 280 = 2.66 மடங்கைக் கழிக்கிறது. மிஞ்சுவது −1.76. அதாவது ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் பிழை குறி மாறி, 1.76 மடங்கு பெரிதாகிறது. டிஏசி (எண்ணை வோல்ட்டேஜாக்கும் பகுதி) உச்சத்தைத் தொட்டதும் அங்கேயும் இங்கேயும் அடிக்கிறது. நீங்கள் பார்க்கும் நடுக்கம் அதுதான், கேயாஸ் அல்ல. இந்தக் கணக்கின்படி 200-க்கு மேல் எதுவுமே நிற்காது; கணக்கிட ஆகும் தாமதத்தையும் சேர்த்தால் இன்னும் கீழே.

கெயினைக் குறைப்பதைவிட இடத்தை மாற்றுவது மேல். எக்ஸ் பிழையை −28 ஆல் பெருக்கி இரண்டாம் சமன்பாட்டில் கொடுங்கள். 28 × எக்ஸ் என்ற பதத்தில் பின்னோடியின் எக்ஸ் போய் முன்னோடியின் எக்ஸ் வந்து உட்காருகிறது. அதற்கு மேல் கெயினே தேவையில்லை: (எக்ஸ் பிழையின் வர்க்கம்)/10, ஒய் பிழையின் வர்க்கம், இசட் பிழையின் வர்க்கம் மூன்றையும் கூட்டினால் அந்தத் தொகை எப்போதும் குறைந்துகொண்டே போகும். எக்ஸ் பெருக்கலாக வரும் பதங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் எக்ஸ் எவ்வளவு பெரிதானாலும் கவலை இல்லை. சர்க்யூட்டில் இது ஒரு ஒயர், ஒரு ரெசிஸ்டர். ஆர்டுயினோ அதைத் தொடவே வேண்டாம். அடுத்த பதிலில் வரைபடமே சொல்லியிருக்கிறோம். ஃபஸ்ஸிக்கு மிஞ்சும் பிழையைத் துடைக்கும் வேலையைக் கொடுங்கள். முதல் சமன்பாட்டில் 50 அளவுக் கெயின் வைத்தால் மேலே போட்ட கணக்கில் 0.43 வருகிறது, அமைதியாக அடங்கும்.

கேள்வி (எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர், குளச்சல்): மகனுடைய ப்ராஜெக்டுக்காக இரண்டு லோரன்ஸ் சர்க்யூட் செய்து தரணும். பாகங்கள், ரெசிஸ்டர் மதிப்புகள், சரிபார்க்கும் வரிசை சொல்லுங்கள். ப்ரெட்போர்டில் ஒருமுறை போட்டோம். இரண்டு வாரத்தில் ஒத்திசைவு கெட்டுப்போனது.

பதில்: எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் பத்தில் ஒரு பங்கு வோல்ட்டாக எடுத்துக்கொள்வோம். பெருக்கலுக்கு ஏடி633 என்ற ஐசி. அது இரண்டு உள்ளீட்டையும் பெருக்கி பத்தால் வகுத்துத் தரும். கெபாசிட்டர் ஒவ்வொன்றும் 0.1 மைக்ரோ ஃபாரட். 1 மெகா ஓம் என்றால் கெயின் 1. மற்றதெல்லாம் அந்த விகிதத்தில் இறங்கும்.

முன்னோடியில் மூன்று இன்டகிரேட்டர், இரண்டு இன்வெர்ட்டர். இன்டகிரேட்டர் குறியைத் திருப்பும் என்பதால் ஒவ்வொரு பதமும் எதிர்க்குறியில் உள்ளே போகணும். எக்ஸ் இன்டகிரேட்டருக்கு: எக்ஸ் 100 கிலோ ஓம் வழியாக, மைனஸ் ஒய் 100 கிலோ ஓம் வழியாக. ஒய் இன்டகிரேட்டருக்கு: மைனஸ் எக்ஸ் 35.7 கிலோ ஓம், ஒய் 1 மெகா ஓம், எக்ஸ்–இசட் பெருக்கி வெளியீடு 10 கிலோ ஓம். இசட் இன்டகிரேட்டருக்கு: எக்ஸ்–ஒய் பெருக்கி வெளியீடு மைனஸாக 10 கிலோ ஓம், இசட் 375 கிலோ ஓம். அந்த மைனஸுக்குத் தனி இன்வெர்ட்டர் வேண்டாம், ஏடி633-இன் எக்ஸ்1, எக்ஸ்2 கால்களை மாற்றிப் போட்டால் போதும். 35.7-க்கு 33-உம் 2.7-உம் சீரிஸ். 375-க்கு 330-உம் 47-உம் சீரிஸ் போட்டால் 377, பரவாயில்லை. ஆனால் இரண்டு சர்க்யூட்டிலும் அதே ஜோடியாக இருக்கட்டும்.

முன்னோடிக்கு ஆப்-ஆம்ப் ஐந்து: டிஎல்074 ஒன்று, டிஎல்072-இல் பாதி. பின்னோடிக்கு நான்கே போதும். அங்கே 35.7 கிலோ ஓமுக்கு வருவது முன்னோடியின் மைனஸ் எக்ஸ். இரண்டு பெருக்கிகளின் எக்ஸ் காலுக்கு வருவது முன்னோடியின் எக்ஸ். ஆகவே பின்னோடிக்குச் சொந்தமாக எக்ஸ் இன்வெர்ட்டர் வேண்டாம். இரண்டு போர்டுக்கும் நடுவே ஓடுவது எக்ஸ், மைனஸ் எக்ஸ், கிரவுண்டு என்று மூன்று ஒயர். சப்ளை பிளஸ் மைனஸ் 15 அல்லது 12 வோல்ட். 9 வோல்ட் பேட்டரி இரண்டு வைத்தும் ஓட்டலாம். ஆனால் ஏடி633-க்குக் குறைந்தது 8 வோல்ட் வேண்டும், பேட்டரி இறங்கியதும் பெருக்கல் கெடும். ஒவ்வொரு ஐசி-யின் சப்ளைக் கால் அருகிலும் 0.1 மைக்ரோ ஃபாரட் பைபாஸ்.

சரிபார்ப்பதைப் பெருக்கியில் தொடங்குங்கள். ஒரு காலில் 5 வோல்ட், மறு காலில் 4 வோல்ட் கொடுத்தால் 2 வோல்ட் வரணும். இசட் என்று பெயரிட்ட கூட்டல் கால் ஒன்று அந்த ஐசி-யில் உண்டு. அதைக் கிரவுண்டு செய்ய மறப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. அடுத்து இரண்டு உள்ளீட்டையும் கிரவுண்டு செய்து வெளியீட்டை மில்லிவோல்ட்டில் அளந்து எழுதிவையுங்கள். 5 மில்லிவோல்ட்தானே என்று விடாதீர்கள்: 10 கிலோ ஓம் வழியாக நுழையும் 5 மில்லிவோல்ட், 1 மெகா ஓம் வழியாக வரும் அரை வோல்ட்டுக்குச் சமம். ஒத்திசைந்த பிறகும் மிஞ்சிநிற்கும் பிழைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த இசட் காலைக் கிரவுண்டுக்குப் பதில், ட்ரிம்பாட்டிலிருந்து சில மில்லிவோல்ட் கொடுத்துத் திருத்தலாம்.

அதன்பின் முன்னோடியை மட்டும் ஓட்டுங்கள். ஸ்கோப்பில் எக்ஸ்–இசட் போட்டால் பட்டாம்பூச்சி இறகு வரணும், ஒரு சுற்று ஏறக்குறைய 0.07 விநாடி. வராமல் ஏதோ ஒரு டிசி வோல்ட்டேஜில் நின்றுவிட்டால் 35.7-ஐப் பாருங்கள். அங்கே 47 கிலோ ஓம் போட்டிருந்தால் 28 என்ற எண் 21.3 ஆகிவிடும், 24.06-க்குக் கீழே போனால் கடைசியில் அசையாமல் ஒரு புள்ளியில் அடங்கிவிடும். 39 கிலோ ஓம் என்றால் 25.6, அதில் கேயாஸ் இருக்கும்.

கெபாசிட்டருக்குச் செராமிக் டிஸ்க் வேண்டவே வேண்டாம். 104 என்று அச்சிட்ட டிஸ்க்குகளில் 20 சதவீதம் வித்தியாசம் சாதாரணம், சூட்டிலும் நகரும். பாலியெஸ்டர் ஃபிலிம் இருபது வாங்கி, மீட்டரில் அளந்து, 1 சதவீதத்துக்குள் ஒத்துவரும் ஆறை எடுங்கள். ஆறும் 0.097 ஆக இருந்தால் குறை ஒன்றுமில்லை, கடிகாரம்தான் கொஞ்சம் வேகமாக ஓடும், ஒன்று 0.097, ஒன்று 0.104 என்று இருப்பதுதான் ஆகாது.

இரண்டு வாரத்தில் கெட்டதற்குக் கடல் காற்றைத்தான் சந்தேகப்படுகிறோம். உப்பும் ஈரமும் படிந்த ப்ரெட்போர்டில் அடுத்தடுத்த வரிசைகளுக்கு நடுவே மெல்லிய கசிவு உண்டாகும். 1 மெகா ஓமுக்கு இணையாக 20 மெகா ஓம் கசிவு வந்தாலே மதிப்பு 5 சதவீதம் இறங்கிவிடுகிறது. 10 கிலோ ஓமுக்கு அதே கசிவு ஒன்றும் செய்யாது. ஆகவே முதலில் கெடுவது 1 மெகா, 375 கிலோ ஓம் கிளைகள்தான். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் ப்ரெட்போர்டை மூன்று நாள் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஜீரோ போர்டில் ஈயம் வைத்து, ஃப்ளக்ஸை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, லேக்கர் அடித்துவிடுங்கள். ஃப்ளக்ஸைத் துடைக்காமல் லேக்கர் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்ததுபோலாகும்.

கேள்வி (வாசகர், ஆரல்வாய்மொழி): இங்கே முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைக் கிரிட்டோடு 'சிங்க்ரனைஸ்' செய்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: சொல் ஒன்று, வேலை வேறு. கிரிட் என்பது 50 ஹெர்ட்ஸில் சுற்றிச் சுற்றி வரும் ஒழுங்கான சைன் அலை. வோல்ட்டேஜ், அலைவெண், கட்டம் மூன்றும் ஒத்துவரும்போது பிரேக்கரைப் போடுவதுதான் அங்கே ஒத்திசைவு. அடுத்த சுற்று எப்படி இருக்கும் என்று முன்பே தெரியும். கேயாஸில் தெரியாது.

ஆனால் ஒரு தொடர்பு இருக்கிறது. நிரந்தரக் காந்த சிங்க்ரனஸ் மோட்டாரின் இரண்டு மின்னோட்டங்களையும் வேகத்தையும் அளவு மாற்றி எழுதினால் லோரன்ஸின் அதே வடிவம் வரும். வெளிச்சுமை இல்லாத நிலையில், சில அளவுரு மதிப்புகளுக்கு வேகம் கேயாஸாகத் தடுமாறும் என்று கணக்கு காட்டுகிறது. ஃபஸ்ஸி–கேயாஸ் கட்டுரைகளில் அந்த மோட்டார் அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான். காற்றாலையில் ஃபஸ்ஸி என்றால் பெரும்பாலும் இறக்கைக் கோணமும் உச்ச மின்திறனைப் பிடிப்பதும். அதைக் கேயாஸ் ஒத்திசைவு என்று சொல்லிவிட வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், குழித்துறை): கேயாஸ் சிக்னலுக்குள் குரலை மறைத்து அனுப்பினால் யாராலும் கேட்க முடியாதாமே?

பதில்: 1993-இல் எம்ஐடி-யின் குவோமோவும் ஓப்பன்ஹைமும் லோரன்ஸ் சர்க்யூட்டில் அதைச் செய்து காட்டினார்கள். எக்ஸ் சிக்னலோடு மிகச் சின்ன அளவில் குரலைக் கூட்டி அனுப்புவது, பின்னோடி தானாக உண்டாக்கும் எக்ஸ்-ஐ வந்த சிக்னலிலிருந்து கழித்துக் குரலை மீட்பது. மறுவருடமே, 1994-இல், கெவின் ஷார்ட் பின்னோடி சர்க்யூட் எதுவும் இல்லாமல் வெறும் சிக்னலிலிருந்தே செய்தியைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். செமினாரில் ஸ்பீக்கர் வைத்துக் காட்ட அருமையான விஷயம்; ரகசியத்தை நம்பி ஒப்படைக்க ஆகாது. செய்து பார்ப்பதானால் குரலின் அளவை எக்ஸ்-இல் நூறில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள். கூட்டினால் குரல் தெளியும், ஆனால் அதே குரல் பின்னோடியைத் தடுமாறவும் வைக்கும். வழியில் எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்லும். லோரன்ஸ் சர்க்யூட் சுற்றுவது நொடிக்குப் பதினைந்து முறைக்குள் என்பதால், குரலுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட்டை எல்லாம் 470 பிக்கோ ஃபாரட் அளவுக்கு இறக்கணும்.

பெருக்கி ஐசி வாங்க வசதியில்லாதவர்கள் லோரன்ஸை விட்டுவிடலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முரளி, லட்சுமணன் இருவரும் லியோன் சுவாவோடு சேர்ந்து 1994-இல் வெளியிட்ட எம்எல்சி சர்க்யூட்டுக்கு ஒரு இன்டக்டர், ஒரு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், ஆப்-ஆம்பில் செய்த ஒரு சுவா டயோடு, ஒரு சைன் அலை ஜெனரேட்டர் போதும். 18 மில்லி ஹென்றி, 10 நானோ ஃபாரட். சைன் அலை 9 கிலோ ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. ஆர்டுயினோவால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது, ஒரு முறை அளக்கவே அதற்கு 0.1 மில்லி விநாடி ஆகும். அதற்குள் அலை ஏறக்குறைய ஒரு சுற்று முடித்துவிடும்.

கேள்வி (மாணவிகள் இருவர், திங்கள்சந்தை): மம்தானியில் 25 விதி போதுமா, 49 வேணுமா? வைவாவில் கேட்பார்கள்.

பதில்: 25 போதும். முக்கோண உறுப்புகள் (ஒவ்வொரு சொல்லுக்கும் கொடுக்கும் எண் வரம்புகள்) பக்கத்துப் பக்கத்தில் பாதியில் வெட்டிக்கொள்ளும்படி போட்டால், எந்தக் கணத்திலும் உயிரோடு இருப்பது நான்கு விதிதான். அட்டவணை 25-ஆ 49-ஆ என்பது பொருட்டே இல்லை. வெளியீட்டுக்கு முக்கோணம் போட்டு ஈர்ப்பு மையம் கண்டுபிடிக்கும் வேலையையும் விட்டுவிடுங்கள், அது ஒரு மில்லி விநாடிக்குள் ஆர்டுயினோ யூனோவில் முடியாது. ஒவ்வொரு விதிக்கும் ஒற்றை எண் வைத்து, எடையிட்ட சராசரி எடுங்கள்.

கவனிக்க வேண்டியது பிழையின் வேகம் என்ற இரண்டாம் உள்ளீடு. ஏடிசி-யின் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். அது 1 மில்லி விநாடியில் ஒரு படி தத்தினாலே வேகம் நொடிக்கு 4.9 வோல்ட் என்று வரும். ஒத்திசைந்து நிற்கும்போது உண்மையான வேகம் சுழி. நீங்கள் அளப்பது முழுக்க இந்தத் தத்தல்தான். நான்கு அளவைச் சராசரி எடுத்த பிறகு கழியுங்கள். முன்னோடியையும் பின்னோடியையும் தனித்தனிப் பின்னில் அளந்து கழிக்கவும் வேண்டாம். இரண்டு அளவுக்கும் நடுவே 0.1 மில்லி விநாடி ஓடிவிடுகிறது. எக்ஸ் நொடிக்கு 100 வோல்ட் வேகத்தில் போகும் இடத்தில் அது 10 மில்லிவோல்ட் பொய்ப் பிழை. ஒரு ஆப்-ஆம்பில் கழித்து, பத்து மடங்கு பெருக்கி, பிழையை மட்டும் ஒரே பின்னில் கொடுங்கள்.

அட்டவணையின் நட்ட நடுக் கட்டத்தில் 0 போட்டிருப்பீர்கள். கழிப்பானின் இரண்டு உள்ளீட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு ஏடிசி-யைப் படித்துப் பாருங்கள். 512 வர வேண்டிய இடத்தில் 515 வந்தால், கட்டுப்படுத்தி இல்லாத பிழை ஒன்றைத் துரத்திக்கொண்டே இருக்கும். பவர் போட்டதும் இந்த நிலையில் 200 அளவுகள் எடுத்து, அதன் சராசரியைச் சுழியாக வைத்துக்கொண்டு, பிறகு இணைப்பை விடுவியுங்கள்.